கட்டர் பிரஷ் (கூரையோரமா மழைத்தண்ணி ஓடுற வாய்க்காலுக்குள்ள போடுறது) 8 மாசம் போட்டு பாத்து கழட்டிட்டேன், வாங்குறதுக்கு முன்னாடி இதை படிங்க

எங்க வீடு சிங்கப்பூர்ல சிராங்கூன் கார்டன் பக்கம், பழைய டெரஸ் வீடு, வரிசையா ஒட்டி ஒட்டி கட்டினது. முன்பக்கம் ரெண்டு மாடி, பின்னாடி கிச்சன் மட்டும் ஒரு மாடி, ரோட்டோரம் பெரிய அங்சானா மரம் நிக்குது. அது பூத்துச்சுன்னா ஒரே நாள்ல மொத்தமும் கொட்டிரும், கார் மேல வாசல்ல எங்க பாத்தாலும் மஞ்சள், அம்மாவுக்கு அதை பாக்க ரொம்ப புடிக்கும். ஆனா கூரையில விழுறது எல்லாம் கடைசியில கட்டர்ல தான் போய் சேருது.

அதுக்காக தான் போன வருஷம் மே மாசம் ஆன்லைன்ல இந்த பிரஷ் வாங்குனேன். பாட்டில் கழுவுற பிரஷ் இருக்குல்ல, அதையே பெருசா பண்ணின மாதிரி, நடுவுல முறுக்கு கம்பி, சுத்தி கருப்பு பிளாஸ்டிக் முள்ளு, ஒரு பீஸ் ஒரு மீட்டர். கட்டருக்குள்ள படுக்க வச்சிட்டா இலை மேலேயே நின்னுக்கும், தண்ணி அடியில ஓடிரும்னு போட்டிருந்தாங்க. 12 பீஸ் 96 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). போடுறது சுலபம், ஆணி ஸ்க்ரூ ஒண்ணும் வேணாம், அதுல குறை சொல்ல மாட்டேன்.

முதல் ரெண்டு மூணு மாசம் நல்லா தான் இருந்துச்சு, விடியக்காலை சுமத்ரா தீவு பக்கமிருந்து வர்ற பலத்த காத்தோட அடிக்கிற மழையில கூட தண்ணி ஒழுங்கா பைப்புல இறங்குச்சு. டிசம்பர்ல மழைக்காலம் வந்து ரெண்டு நாள் விடாம பேஞ்சப்ப தான் கிச்சன் சுவரோரமா தண்ணி வழிய ஆரம்பிச்சுது, மறுநாள் சீலிங்ல டீ கொட்டின மாதிரி ஒரு கறை. ஜனவரியில ஏணி போட்டு ஏறி ஒரு பிரஷ்ஷை இழுத்தேன், வரவே இல்ல. பெரிய இலை எல்லாம் மேல நின்னுது உண்மை, ஆனா அங்சானா பூ இதழ் சின்னது, அது முள்ளுக்குள்ள இறங்கி அழுகி டீத்தூள் சக்கை மாதிரி கெட்டியா ஒட்டிக்கிச்சு. இழுத்து எடுத்த இடத்துல உள்ளங்கை அளவு தண்ணி தேங்கி நின்னுது, டார்ச் அடிச்சு பாத்தா புழு நெளியுது. கொசுப்புழு தான், தொட்டா தலைகீழா அடியில ஓடுது.

எனக்கு அப்ப கை நடுங்கிருச்சு. 2020ல இங்க 35,000 பேருக்கு மேல டெங்கி வந்துச்சே, அந்த வருஷம் எங்கம்மாவும் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க, பிளேட்லெட் இறங்க இறங்க நாங்க பட்ட பாடு எங்களுக்கு தான் தெரியும். டெங்கியை பரப்புற ஏடிஸ் கொசு முட்டையில இருந்து கொசுவா பறக்க ஒரு வாரம் போதும், அந்த முட்டை தண்ணி இல்லாம காஞ்சே மாசக்கணக்குல ஒட்டிக்கிட்டு கிடந்து அடுத்த மழையில பொரிக்கும். அதனால கட்டர்ல பிரஷ்ஷோ வலையோ எதை போட்டாலும், கீழ இருந்து பாத்து சுத்தமா இருக்குன்னு நம்பிடாதீங்க, அடியில என்ன நிக்குதுன்னு தெரியாம மறைச்சிரும், என் பெரிய குறையே இது தான்.

தண்ணி ஏன் தேங்குச்சுன்னா குப்பை மட்டும் காரணம் இல்ல, கட்டரை தாங்குற பிடி ஒண்ணு லூசாகி நடுவுல தொய்ஞ்சு போச்சு. மீட்டருக்கு 2 மில்லியாவது பைப் பக்கம் சரிவு இருக்கணும். எனக்கு தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் வந்து நூல் புடிச்சு பாத்து பிடியை ஏத்தி கட்டிட்டார், கூலி 80 வெள்ளி. பிரஷ் காசை மொதல்லயே இதுக்கு குடுத்திருக்கலாம்.

இப்ப கட்டர் திறந்தே கிடக்கு. பைப் வாயில மட்டும் பலூன் மாதிரி ஒரு கம்பிக் கூண்டு சொருகியிருக்கேன், ஹார்ட்வேர் கடையில 6 வெள்ளி, ஸ்டெயின்லெஸ் கேளுங்க, மத்தது துரு புடிச்சிரும். இலை அதை சுத்தி நிக்கும், கையால அள்ளிடலாம், பைப்புக்குள்ள போய் வளைவுல அடைக்காது. மாசம் ஒரு தடவை அள்ளிட்டு மேல்முனையில ஒரு வாளி தண்ணி ஊத்துவேன், அம்மா கீழ நின்னு "வந்துருச்சுடா தம்பி"ன்னு குரல் குடுப்பாங்க. சலசலன்னு வந்தா சரி, களக் களக்னு விட்டு விட்டு வந்தா உள்ள அடைப்பு இருக்குன்னு அர்த்தம். அப்புறம் பிடிஐ (Bti) மருந்து கொஞ்சம் போடுவேன், அது ஒரு பாக்டீரியா, கொசுப்புழு தின்னா சாகும், மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாது. தேசிய சுற்றுப்புற வாரியமும் கூரை கட்டரை சுத்தமா வச்சு இதை போடத்தான் சொல்லுது.

முன்பக்கம் ரெண்டு மாடி, அங்க நீங்களா தயவுசெஞ்சு ஏறாதீங்க. ஆளை கூப்பிடுறப்பவும் பெல்ட் கயிறு இருக்கான்னு கேளுங்க, இல்லேன்னா வேணாம்னு சொல்லிடுங்க, நூறு இருநூறு மிச்சம் புடிக்க ஒருத்தர் உயிரை பணயம் வைக்க முடியாது. முன்னாடி ஒரு தடவை வந்த ஆளுங்க ஊதுற மெஷினால இலையை எல்லாம் பைப்புக்குள்ளயே தள்ளிவிட்டுட்டு காசு வாங்கிட்டு போயிட்டாங்க, அடுத்த மழையில தான் தெரிஞ்சுது. இப்ப வர்றவங்க கிட்ட முன்னாடி பின்னாடி போட்டோ கேக்குறேன், காசு குடுக்குறதுக்கு முன்னாடி வாளி தண்ணி ஊத்தி காட்ட சொல்றேன். நல்லா வேலை பாக்குறவங்க யாரும் இதுக்கு கோவிச்சுக்கிட்டதில்ல.

பிரஷ்ஷுக்கு அஞ்சுக்கு ஒண்ணரை. பக்கத்துல மரமே இல்லாத வீடுன்னா ஒருவேளை ஒத்துவரலாம், அங்சானா மாதிரி சின்ன இதழ் கொட்டுற மரம் இருந்தா வாங்காதீங்க. 6 வெள்ளி கம்பிக் கூண்டுக்கு நாலரை, வாயில லேசா அசையுது, வாங்குறப்ப உங்க பைப்போட விட்டத்தை அளந்துட்டு போங்க.