பட்டுப்புடவைக்கு எது சரி: பிளாக் ஹீலா, வெட்ஜா, கோலாப்புரியா?

கல்யாணத்துக்குச் செருப்பு வாங்கப் போனால் ஜாக்கெட் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறோம். அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது, அன்றைக்கு எத்தனை தடவை அதைக் கழற்றி மாட்டப் போகிறோம் என்பது.

காலை முகூர்த்தம் என்றால் மேடை ஏறும்போதெல்லாம் கழற்ற வேண்டும். கணுக்காலில் பக்கிள் வைத்த பிளாக் ஹீல் (கட்டை போல அகலமான குதிகால் உள்ள செருப்பு) அங்கே பெரிய தொல்லை. பட்டுப்புடவையோடு குனிந்து, கொலுசில் சிக்கிய வாரை விடுவித்து, மறுபடி மாட்டுவதற்குள் கொசுவம் கலைந்துவிடும். காலை நேரத்துக்கு நுழைத்துக்கொண்டு நடக்கிற வெட்ஜ்தான், அதாவது குதிகாலும் அடிப்பாகமும் ஒரே துண்டாக இருக்கும் செருப்புதான், என் தேர்வு. அடிப்பாகம் முழுதும் தரையில் படுவதால் புல்தரையிலும் மணலிலும் புதையாது. முன்பக்கமும் சற்று உயர்ந்திருக்கும் வெட்ஜில் இன்னொரு வசதி உண்டு: பின்னால் 3 அங்குலம், முன்னால் 1 அங்குலம் என்றால் பாதம் உணரும் சரிவு 2 அங்குலம்தான். ஆனால் கனமான வெட்ஜ் வளைந்து கொடுக்காது. அதிகம் படி ஏறி இறங்க வேண்டிய மண்டபத்தில் கால் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

மாலை ரிசப்ஷனுக்கு பிளாக் ஹீலை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒருமுறை மாட்டினால் அதோடு முடிந்தது. பக்கிள் காலைப் பிடித்து நிறுத்துவதால் மணிக்கணக்கில் நின்றாலும் தடுமாற்றம் இருக்காது. 2 அங்குல உயரமே தாராளம். அடியில் ரப்பர் சோல் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். மண்டபத்து வழவழப்பான டைல்ஸில் வழுக்கிவிடாமல் காப்பது அதுதான். ஸ்டிலெட்டோவை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஊசிக் குதிகால் கார்ப்பெட்டில் மாட்டும், உடம்பின் பாரம் முழுக்க முன்பாதத்தில் இறங்கும். கூர்மையான முனை, மெட்டி போட்ட விரலையும் நசுக்கும்.

தட்டையான கோலாப்புரிச் செருப்பு, நிச்சயதார்த்தம், வளைகாப்பு, காட்டன் புடவை, குர்த்தி எல்லாவற்றுக்கும் அழகு. வளையம் கட்டைவிரலில் மாட்டுவதால் மெட்டிக்கு இடைஞ்சல் இல்லை. மகாராஷ்டிரா, கர்நாடக மாவட்டங்களில் செய்யப்படும் இந்தச் செருப்புக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அசல் என்றால் அது தோல், அதனால் மழை ஆகாது. ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணத்துக்கு அதை நம்ப வேண்டாம். புதிதில் கடிக்கும் என்பதால், வார்களில் கொஞ்சம் எண்ணெய் தடவி வீட்டுக்குள்ளேயே சில நாள் போட்டு நடந்து பழக்குங்கள்.

எதை வாங்கினாலும் சாயங்காலம் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். புடவை கட்டும்போது அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டே கட்டுங்கள். வெறுங்காலில் கட்டிவிட்டு ஹீல்ஸ் ஏறினால் கரை மேலே தூக்கிக்கொண்டு கணுக்கால் தெரியும்.

அப்புறம், போன வருஷக் கல்யாணத்துக்கு வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்த ஜோடியை எடுப்பதாக இருந்தால், முந்தைய வாரமே வெளியே எடுத்து சோலை அழுத்திப் பாருங்கள். பியூ (பாலியூரித்தேன் என்னும் ஒருவகை பிளாஸ்டிக்) சோல் உபயோகிக்காமல் இருந்தாலும் காற்றின் ஈரத்தில் உள்ளுக்குள் சிதைந்துகொண்டே வரும். சென்னை மாதிரிக் கடற்கரை ஊர்களில் இது சகஜம். வெளியே புத்தம் புதிதாகத் தெரியும், நடக்கத் தொடங்கினால் துண்டு துண்டாக உதிரும். விரலால் அழுத்தும்போதே பொடிந்தால் ஒட்டிப் பயனில்லை, வேறு ஜோடி பார்க்க வேண்டியதுதான்.