மேட்டுப்பாளையம் மலை ரயில்: குட்டிப் பிள்ளைகளோடு போனால் குன்னூரில் இறங்கிவிடுங்கள்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயில் ஊட்டி போய்ச் சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். தூரம் 46 கிலோமீட்டர்தான். பெட்டியில் கழிப்பறை கிடையாது. மூன்று வயதுப் பிள்ளைக்கும் சேர்த்துத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் இவற்றை யோசிக்க வேண்டும். 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பெருமையெல்லாம் அப்புறம்.

ஆறேழு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு முழுப் பயணமும் தாங்கும். அதற்குக் கீழே என்றால் குன்னூர் வரைக்கும் மட்டும் டிக்கெட் எடுப்பதே நல்லது. காலை பத்தரை வாக்கில் இறங்கிவிடலாம். இதனால் பெரிதாக எதையும் இழக்கப் போவதில்லை. இந்த ரயிலில் பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி குன்னூருக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது.

கல்லாறு நிலையம் தாண்டியதும் ரயில் ஊர்ந்து போகிற வேகத்துக்கு வரும். தண்டவாளத்துக்கு நடுவில் பல் வெட்டிய இரட்டை இரும்புச் சட்டம் ஆரம்பிக்கிற இடம் அது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பற்களில் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதற்காகவே அந்த நிதானம். அங்கிருந்து குன்னூர் வரை, ஏணியில் கால் வைத்து ஏறுவதுபோல, ரயில் பல்பல்லாக ஏறும். மிகச் செங்குத்தான இடத்தில் ஏறத்தாழ 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம். இத்தனை ஏற்றத்தில் வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால்தான் பல்சக்கரம். பிள்ளைகளுக்கு இதை முந்தின நாளே ஒரு சீப்பையும் பல்சக்கரப் பொம்மையையும் வைத்துக் காட்டிவிட்டால், ரயிலில் அந்தக் 'கடகட' சத்தம் வரும்போது அவர்களே கண்டுபிடித்துக் கத்துவார்கள்.

ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். ரயில் என்றால் எஞ்சின் முன்னால் இருக்கும் என்று நினைக்கும் பிள்ளைக்கு முதல் ஆச்சரியம் இதுதான். அதனால் கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்பே பிளாட்பாரத்தின் பின்கோடிக்குக் கூட்டிப்போய் எஞ்சினைக் காட்டிவிடுங்கள். ஏறி உட்கார்ந்துவிட்டால் வளைவுகளில்தான் அது கண்ணில் படும். ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் (பிரேக் பிடிக்கும் ஊழியர்) கொடியோடு நிற்பார். முன்பெட்டியில் இருப்பவர் கொடி காட்டினால், அடுத்தவர் பார்த்து அவரும் காட்ட, அது பின்னால் எஞ்சின் வரை போய்ச் சேரும். சின்னப் பிள்ளைகள் மலையைவிட இதைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள்.

எந்தப் பெட்டி நல்லது? முதல் வகுப்பு மேலேறும்போது முன்கோடியில் வரும். முன்னால் பாதை தெரியும், புகையும் எட்டாது. கட்டணம் கிட்டத்தட்ட இரு மடங்கு. காசுக்கு ஏற்ற மதிப்பு உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பில் எதிரெதிர் பெஞ்சுகள், முட்டியோடு முட்டி இடிக்கும். கடைசிப் பெட்டி கிடைத்தால் எஞ்சின் சத்தம் நன்றாகக் கேட்கும், ஆனால் குகைகளுக்குள் புகையும் கரித்துகளும் சேர்ந்தே வரும். மொத்தம் 16 குகைகள், பெரும்பாலானவை குன்னூருக்குக் கீழே. குகை வந்தால் பெட்டி முழுக்க ஊளையிடும். பயப்படுகிற பிள்ளையாக இருந்தால் முதல் குகைக்கு முன்பே சொல்லி வையுங்கள், ஜன்னலையும் மூடிவிடுங்கள். கண்ணில் தூசி விழுந்து அழுகை ஆரம்பித்தால் சமாதானப்படுத்துவது பெரும்பாடு. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போக வழி கிடையாது. குடும்பத்தில் பாதிப் பேருக்கு ஒரு பெட்டி, மீதிப் பேருக்கு வேறு பெட்டி என்று விழுந்தால், பால் பாட்டில் யார் பையில் இருக்கிறது என்று ஏறுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். ஏப்ரல், மே வார இறுதி நாட்கள் உடனே தீர்ந்துவிடும். காத்திருப்புப் பட்டியலை நம்பிப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். இந்த ரயில் டிக்கெட்டை யாரும் லேசில் ரத்து செய்வதில்லை. முன்பதிவில்லா டிக்கெட்டுக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்பது இளவட்டங்களுக்குச் சரி, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைக்குச் சரிப்படாது. செவ்வாய், புதன் கிழமைகளில் தேடினால் வாய்ப்பு அதிகம். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் தேவையில்லை, ஆனால் சீட்டும் இல்லை. நாலு வயதுக்காரரை மூன்று மணி நேரம் மடியில் வைத்திருப்பதைவிட முழுக் கட்டணம் கொடுத்து ஒரு சீட் எடுத்துவிடலாம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதி: இரவு ஏறினால் காலை ஆறே கால் வாக்கில் மேட்டுப்பாளையம். பல் தேய்த்து, இட்லி சாப்பிட்டு, கழிப்பறைக்குப் போய்வரக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் இருக்கும்.

அந்தக் கழிப்பறை வேலையை ஏறுவதற்குக் கடைசிப் பத்து நிமிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டயப்பர் பழக்கம் விட்டு சில மாதமே ஆன பிள்ளைக்கும் அன்றைக்கு ஒரு டயப்பர் போட்டுவிடுவதில் தப்பில்லை. காலையில் பால் அரை டம்ளர் போதும். எஞ்சின் தண்ணீர் பிடிக்க வழியில் ஹில்குரோ நிலையத்தில் நிற்கும். டீ, வடை கிடைக்கும், கால் நீட்டலாம். அங்கே மனிதர்களுக்கு நிகராகக் குரங்குகளும் காத்திருக்கும். கையில் சிப்ஸ் பாக்கெட்டோடு பிள்ளையை இறக்கினால் பாக்கெட் போகும், சில சமயம் கையில் நகக்கீறலும் விழும். தின்பண்டம் பைக்குள், ஜிப் மூடி இருக்கட்டும். பெட்டிக்குள் ஏறியபிறகு, ரயில் நகர்ந்தபிறகு பிரித்துக் கொடுங்கள்.

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் பறிமுதலாகும், அபராதமும் உண்டு. ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள். உடுப்பு விஷயத்தில் பலர் தடுமாறுவது ஏறும் இடத்தில்: மேட்டுப்பாளையம் வேர்க்கும் என்பதால் ஸ்வெட்டரைப் பைக்குள் அடியில் போட்டுவிடுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சத்தில் கிளம்பி 1,700 மீட்டருக்கு மேல் போகிறோம். பாதி வழியில் மேகம் உள்ளே வரும். ஸ்வெட்டரும் காது மூடும் குல்லாயும் மேலாக இருக்க வேண்டும். பெரிய சூட்கேஸ் வைக்க இங்கே இடமே இல்லை. ஆளுக்கு ஒரு முதுகுப்பை போதும்.

மலைப் பாதையில் காரில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்த ரயில் வரப்பிரசாதம். குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ரயிலோ பல்சட்டப் பகுதியில் மணிக்குப் பதிமூன்று கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது, வயிறு புரள வாய்ப்புக் குறைவு.

குன்னூரில் இறங்கியதும் வெளியே ஓடாதீர்கள். நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். அதைப் பிளாட்பாரத்தில் நின்று, தண்டவாளத்துக்கு ஓரடி தள்ளி, கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம். நீராவி பீய்ச்சும்போது அருகில் போகக் கூடாது. பிறகு ஆட்டோவில் சிம்ஸ் பூங்கா: 1874-இல் அமைந்தது, பெரிய மரங்கள், ஓடி விளையாடப் புல்வெளி. ஆனால் சரிவும் படிகளுமாக இருப்பதால் தள்ளுவண்டி உதவாது, பிள்ளையைத் தூக்கும் பையே சரி. மே மாதப் பழக் கண்காட்சி நாட்களில் நுழைவதே கஷ்டம். அந்தத் தேதியைப் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊட்டி போக வேண்டுமென்றால் குன்னூர்–ஊட்டி டீசல் ரயில் தினமும் சில முறை உண்டு. ஒன்றேகால் மணி நேரம், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக. இந்தப் பகுதியில் பல்சட்டம் இல்லை, நீராவி இல்லை. தேயிலைத் தோட்டமும் கேத்திப் பள்ளத்தாக்கும் பெரியவர்களுக்குப் பிடிக்கும், சாப்பிட்ட பிள்ளைகள் தூங்கிவிடும். டிக்கெட் மலிவு. மலை ரயிலைச் சும்மா ருசி பார்க்க நினைக்கும் இரண்டு வயதுப் பிள்ளையின் பெற்றோருக்கு இது மட்டுமே போதும்.

திரும்பும்போதும் ரயில்தான் என்று அடம்பிடிக்க வேண்டாம். பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியில் கிளம்பி மாலை ஐந்தரை வாக்கில் மேட்டுப்பாளையம் வரும். இறங்கும்போது நீராவிக்கு வேலை குறைவு, சத்தமும் குறைவு, பிள்ளைகள் களைத்திருப்பார்கள். அரசுப் பேருந்தில் இறங்கிவிடலாம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள சீட்டாகப் பிடித்து, கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். உறவினர் காரில் வந்து குன்னூரில் ஏற்றிக்கொள்வதாக இருந்தால் வெளிமாவட்ட வண்டிக்கு இ-பாஸ் (இணையத்தில் பதிந்து எடுக்கும் நுழைவு அனுமதி) கட்டாயம். கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைக்கிறார்கள். ரயில் டிக்கெட் கிடைத்த அன்றே அதையும் பதிந்துவிடுங்கள்.