தென்கொரியா: சர்வாதிகாரமா, மக்களாட்சியா?

நாடு வேகமாக வளர இரும்புக்கரம் வேண்டும் என்று வாதிடுவோர் பலரும் காட்டும் உதாரணம் தென்கொரியா. ஒரே நாடு இரண்டு ஆட்சிமுறைகளையும் கண்டிருப்பதால் ஒப்பிட வசதி.

வேகம்
சர்வாதிகாரம்: ராணுவத் தளபதியாக இருந்து ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீ காலத்தில் சியோல்–பூசான் நெடுஞ்சாலை, 428 கி.மீ., 1968 பிப்ரவரியில் தொடங்கி 1970 ஜூலையில் முடிந்தது. பணியில் இறந்த தொழிலாளர்கள் 77 பேர்.
மக்களாட்சி: எதிர்ப்பும் வழக்கும் வரும், தாமதமாகும்.

ஆட்சி மாற்றம்
சர்வாதிகாரம்: 1972-இல் பார்க் கொண்டுவந்த ‘யூஷின்’ அரசமைப்பு அதிபரின் பதவிக்கால வரம்பை நீக்கியது. வாக்கால் மாற்ற வழியில்லை. 1979 அக்டோபர் 26-இல் உளவுத்துறைத் தலைவரே பார்க்கைச் சுட்டுக் கொன்றார். அடுத்தும் ராணுவமே வந்தது.
மக்களாட்சி: 1987 முதல் அதிபருக்கு நேரடித் தேர்தல், பதவிக்காலம் 5 ஆண்டு, ஒரே முறை.

தவறைத் தடுத்தல் (எனக்கு இதுதான் முக்கியம்)
சர்வாதிகாரம்: 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ராணுவச் சட்டத்தை (நெருக்கடி எனச் சொல்லி ராணுவத்திடம் அதிகாரம் தரும் ஆணை) எதிர்த்த மக்கள்மீது படை சுட்டது. தடுக்க எந்த அமைப்பும் இல்லை.
மக்களாட்சி: 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். நாடாளுமன்றப் பெரும்பான்மை கோரினால் அதிபர் அதை விலக்கியே ஆக வேண்டும் என்கிறது அரசமைப்பு. உறுப்பினர்கள் சிலர் வேலியேறிக் குதித்து நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். சில மணி நேரத்தில் விலக்கக் கோரும் தீர்மானம் 190–0 என நிறைவேறியது. 2025 ஏப்ரல் 4-இல் அரசமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவிநீக்கியது.

இலக்கு தெளிவான ஒரு கட்டுமானத்துக்கு மட்டும் என்றால் குவிந்த அதிகாரம் வேகம் தரும். ஆள்பவர் தவறும்போது அவரைக் குருதியின்றிப் பதவியிலிருந்து இறக்க வேண்டுமானால் மக்களாட்சிதான். வளர்ச்சிக்கும் அது தடையாகவில்லை: பணக்கார நாடுகளின் ஓஇசிடி அமைப்பில் தென்கொரியா சேர்ந்தது 1996-இல்.