நனைந்த கமராவுக்கு எது நல்லது: அரிசியா, வெயிலா, சிலிக்கா ஜெல்லா, ஸ்பிரிட்டா?

மட்டக்களப்பில் மாரி மழை நேராக விழுவதில்லை. வாடைக்காற்றோடு சேர்ந்து சாய்ந்து அடிக்கும். கூரை ஓரத்துக்குள்தானே பூட்டியிருக்கிறோம் என்று நம்பிய பாதுகாப்புக் கமராவுக்குள்ளும் ஒரு நாள் தண்ணீர் போய்விடும். காலையில் போனைத் திறந்து பார்த்தால் படம் பால் கலந்ததுபோல் வெள்ளையாக இருக்கும், இல்லையென்றால் படமே இருக்காது. உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அரிசிக்குள் புதை என்பார் ஒருவர், வெயிலில் வை என்பார் இன்னொருவர், கழற்றி ஸ்பிரிட்டால் கழுவு என்பார் மூன்றாமவர்.

இவற்றில் எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே போனது எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும். என் பார்வையில் முழுத் தீர்மானமும் அதில்தான் இருக்கிறது. மழைத் தண்ணீர் காய்ந்தால் பெரும்பாலும் போய்விடும். கடல் தண்ணீர் காய்ந்தால் உப்பு மிஞ்சும். ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பு கமராவுக்குள் இருக்கும் சர்க்கிட் பலகையில் ஒட்டிக்கொண்டு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்தபடியே இருக்கும். கல்லடி, பாசிக்குடா, திருக்கோவில் பக்கம் கடலை ஒட்டி வீடு உள்ளவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெள்ளமே வராவிட்டாலும் கடற்காற்று யன்னல் கம்பியைக் கறல் பிடிக்க வைக்கிறதல்லவா? வாவித் தண்ணீரையும் நல்ல தண்ணீர் என்று எண்ணிவிடக் கூடாது. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் அதிலும் கடல் கலந்திருக்கும். வயல் வெள்ளத்தில் உப்பு குறைவு, சேறு கூட.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை கரண்டை நிறுத்துவது. ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் செம்பு கரைந்து, ஊசி போன்ற முனைகளில் பச்சையாகப் பூத்துவிடும். வெறும் ஈரத்தால் பல நாளில் வரும் கேட்டை, கரண்ட் ஓடும் ஈரம் சில மணி நேரத்தில் செய்துவிடும். அதனால் 'ஒருக்கா போட்டுப் பார்ப்போம்' என்ற ஆசையை அடக்கத்தான் வேண்டும். அடப்டரோ பிளக்கோ நனைந்திருந்தால் கையால் பிடுங்காதீர்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள். அது 230 வோல்ட். நனைந்த அடப்டரைக் காயவைத்துப் பாவிக்கும் எண்ணமே வேண்டாம். பழைய அடப்டரில் எழுதியிருக்கும் அதே வோல்ட் அளவில் புதிது ஒன்று வாங்குங்கள். நெட்வேர்க் வயரிலேயே கரண்ட் வாங்கும் கமரா என்றால், ரெக்கோடர் பக்கத்தில் அந்த வயரைக் கழற்ற வேண்டும். பற்றரியில் ஓடும் வகை என்றால் பற்றரியை வெளியே எடுங்கள். அது ஊதியிருந்தாலோ வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலோ திரும்ப சார்ஜ் போடாதீர்கள்.

சரி, அரிசிக்கு வருவோம். அம்பாறையில் அரிசிக்குப் பஞ்சமில்லை, ஆனால் இந்த வேலைக்கு அது உதவாது. கடைக்கு வரும் அரிசியிலேயே நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு வரை ஈரம் இருக்கிறது. மாரிக் காலத்துச் சாக்கில் அதற்கு மேலும் இருக்கலாம். ஏற்கெனவே ஈரம் பிடித்த ஒன்று கமராவுக்குள்ளிருந்து எவ்வளவை இழுக்கும்? போதாததற்கு அரிசித் தூள் மெமரி காட் துளைக்கும் மைக்கின் சிறு ஓட்டைக்கும் போய், ஈரத்தில் கஞ்சியாக ஒட்டிக்கொள்ளும். அரிசியில் வைத்துப் பிழைத்த கமராவை மேசையில் சும்மா வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

வெயிலும் ஹெயார் டிரையரும் ஒரே குடும்பம். மாரியில் வெயில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தாலும் கமராவின் கண்ணாடி சூரியனை நேராகப் பார்த்தால் உள்ளே இருக்கும் சென்சரில் ஒளி குவிந்து சுடலாம். ஹெயார் டிரையரின் சூடு ரப்பர் வளையத்தைத் தளர்த்தும், லென்ஸை ஒட்டிய பசையை இளக்கும். அதன் காற்று வெளியில் நிற்கும் துளியை உள்ளே தள்ளும். காற்று வேண்டுமென்றால் மின்விசிறியின் குளிர்ந்த காற்றே நல்லது. வீட்டில் ஏசி அறை இருந்தால் அதற்குள் வைத்து விசிறியைப் போடுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடுவதால், மாரிக் காலத்தில் அந்த அறை முற்றத்தைவிட நன்றாகக் காயவைக்கும்.

மழைத் தண்ணீருக்கும் கண்ணாடிக்குள் படியும் பனிக்கும் நான் முதலில் சொல்வது ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகளான சிலிக்கா ஜெல்தான். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை அது பிடித்துவைக்கும். சப்பாத்துப் பெட்டியில் வந்து அலுமாரியில் மாதக்கணக்காகக் கிடந்த பொட்டலம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், அதை நம்பாதீர்கள். நிறம் மாறும் மணிகளாக வாங்கினால் நிலைமை கண்ணுக்குத் தெரியும்: நீலம் இளஞ்சிவப்பானால் வேலை முடிந்தது. ஓவனில் 120 பாகை சூட்டில் ஓரிரு மணி நேரம் வைத்தால் திரும்ப நீலமாகும். நீல மணியில் கோபால்ட் இருப்பதால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் கைநிறைய மணி, அதன்மேல் கமரா, மூடி இறுக்கம். கமராவின் மெமரி காட் மூடியைத் திறந்துவிட மறக்க வேண்டாம், ஈரம் வெளியேற அதுதான் வாசல். இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வழி சரிவராது.

ஆனால் உப்புத் தண்ணீருக்கும் சேற்றுக்கும் சிலிக்கா ஜெல் போதாது. அது தண்ணீரை எடுக்கும், உப்பை எடுக்காது. அங்கே கழற்றிக் கழுவுவதைவிட வேறு நல்ல வழியில்லை. குழாய் வடிவக் கமராக்களில் பெரும்பாலும் முன்வளையத்தைத் திருகினாலோ மூன்று நான்கு சிறு ஆணிகளைக் கழற்றினாலோ உள்ளே போய்விடலாம். முதலில் போனில் ஒரு படம் எடுங்கள், எந்த வயர் எங்கே என்பது பிறகு மறந்துவிடும். கறுப்பு ரப்பர் வளையத்தைத் தனியே எடுத்து வையுங்கள். இரவு வெளிச்சத்துக்கான எல்.ஈ.டி. பலகை, அதற்குப் பின்னால் லென்ஸ் பூட்டிய பலகை, வயர் வந்து சேரும் வெள்ளைச் சொக்கட் எல்லாம் தெரியும். உப்புப் பட்டிருந்தால் அந்தச் சொக்கட்டின் ஊசிகளில் வெள்ளைப் பூப்போ பச்சைப் பூப்போ இருக்கும்.

முதலில் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரால் உப்பையும் சேற்றையும் கழுவ வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிட்டில் உப்பு சரியாகக் கரையாது. அப்புறம்தான் ஸ்பிரிட், அதாவது ஐசோபுரோப்பைல் அல்ககோல். 99 வீதம் என்று போத்தலில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பாமசியில் புண் துடைக்கத் தரும் ஸ்பிரிட்டில் முப்பது வீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். மென்மையான பல் துலக்கியைத் தோய்த்து, ஊசிகளின் போக்கிலேயே தேயுங்கள், குறுக்கே தேய்த்தால் வளைந்துவிடும். லென்ஸ் பக்கத்தை மேலே தூக்கிப் பிடியுங்கள். லென்ஸுக்கும் சென்சருக்கும் இடையில் திரவம் இறங்கினால் போகாத கறை விழும். மைக்கையும் நனைக்க வேண்டாம். யன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. கழுவி ஒரு நாள் விசிறியில் வைத்து, பிறகு சிலிக்கா டப்பாவில் போட்டால் இரண்டு வழியின் பலனும் கிடைக்கும். டபிள்யூ.டி. 40 என்ற கறல் நீக்கும் ஸ்பிரேயை அடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அது எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும், கண்ணாடியில் பட்டால் படம் மங்கும். நான் அதைத் தொடமாட்டேன்.

கடையில் கொடுப்பதா, புதிது வாங்குவதா? உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் கழற்றாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். ஆணியில் கை வைத்தால் அந்த உரிமை போய்விடலாம். ஐ.பி. 67 என்று பெட்டியில் போட்டிருந்தால் வாதாட இடமுண்டு. ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். ஐ.பி. 66 என்பது வேகமாகப் பீச்சும் தண்ணீருக்கு மட்டும், மூழ்குவதற்கு அல்ல. இரண்டுமே புதுக் கமராவை நல்ல தண்ணீரில் வைத்துப் பார்க்கும் சோதனைகள். நான்கு வருட வெயிலில் ரப்பர் வளையம் வெடித்த கமரா அந்த எண்ணுக்குக் கட்டுப்படாது. மலிவான வைபை கமரா உப்புத் தண்ணீரில் கரண்டோடு கிடந்திருந்தால் நேரத்தைச் செலவழிக்காமல் புதிது வாங்குவதே சரி. விலை கூடிய, கழுத்துத் திருப்பும் கமரா என்றால் கழுவிப் பார்க்கலாம்.

கமரா போனாலும் பதிவு போக வேண்டியதில்லை. மெமரி காட்டை எடுத்து, அதன் பொன்னிற முனைகளை அதே அல்ககோலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு கணினியில் போட்டுப் பாருங்கள். இந்தச் சிறு காட் பெரும்பாலும் கமராவைவிடத் தண்ணீரைத் தாங்கும். கள்ளன் வந்த இரவின் பதிவு வேண்டுமென்றால் கமராவைத் திருத்தும் முன் இதைச் செய்யுங்கள்.

திரும்பப் பூட்டும்போது ரப்பர் வளையத்தில் மண் இல்லாமல் துடைத்து, வெடித்திருந்தால் மாற்றுங்கள். தண்ணீர் அதிகம் புகுவது கமராவின் முகத்தால் இல்லை, பின்னால் தொங்கும் வயர் இணைப்பால். அந்த இணைப்பைச் சிறிய மூடிய பெட்டிக்குள் வையுங்கள். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் அதைக் கீழே வளைத்து மேலே ஏற்றினால், வயரில் வழியும் மழை அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும்.