காந்தி வீதிப் பழைய பத்திரிகைக் கடை: டிவி பக்கங்களுக்காக ஒரு நடை

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறுதோறும் நடக்கும் சண்டே மார்க்கெட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜீன்ஸ், செருப்பு, பிளாஸ்டிக் கூடை, செல்போன் கவர் எல்லாம் கிடைக்கும், பேரம் பேசத் தெரிந்தால் மலிவாகவே கிடைக்கும். நான் சொல்ல வந்தது, நேரு வீதி முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி நீலத் தார்ப்பாய் விரித்துப் பழைய பத்திரிகை பரப்பும் ஒரு கடையைப் பற்றி. பெயர்ப் பலகை கிடையாது. பக்கத்தில் பெல்ட் விற்பவர் உட்கார்ந்திருப்பார், அடையாளம் அவ்வளவுதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. பள்ளி ஆண்டு மலர், மணிவிழா மலர், கோயில் கும்பாபிஷேக மலர். அதனால் பழைய பத்திரிகையை நான் வாங்குவது படிக்க அல்ல, பக்கத்தைப் பார்க்க. அதிலும் டிவி பற்றிய கட்டுரைப் பக்கங்கள்தான் என் பைத்தியம். சினிமாப் பக்கம் செய்வது சுலபம். ஸ்டில் போட்டோகிராபர் எடுத்த நல்ல படம் கைக்கு வந்துவிடும். டிவிக்கு அந்த வசதி அப்போது குறைவு. பெட்டியில் ஓடுவதைத்தான் பல நேரம் போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் திண்டாட்டம் முழுக்கப் பக்கத்தில் தெரியும்.

இந்தக் கடையின் பலமே கலவைதான். ஒரு கட்டில் எண்பதுகளின் தமிழ் வார இதழ்கள், அடுத்த கட்டில் தொண்ணூறுகளின் சின்னத்திரை மலர்கள், அதற்கடியில் பிரெஞ்சு டிவி வார இதழ்கள். சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், வீடு காலி செய்யும்போது எடைக்குப் போட்டதாம். டெலெராமா உண்டு, டெலே செட் ழூர் உண்டு. அட்டை கிழிந்து தேதி தெரியாவிட்டாலும் கவலை இல்லை. நிகழ்ச்சி அட்டவணையைப் பாருங்கள். ‘கனால் ப்ளூ’ என்ற பிரெஞ்சு சேனலுக்கு ஒரு பத்தி இருந்தால் 1984 நவம்பருக்குப் பிந்தியது. ‘ஆன்தென் 2’ என்று ஒரு சேனல் இருந்தால் 1992 செப்டம்பருக்கு முந்தியது, அந்த மாதம்தான் அது ‘பிரான்ஸ் 2’ ஆனது. கடைக்காரருக்கு இது தெரியாது. அவருக்கு எல்லாமே ‘பாரீஸ் புக்கு’.

சரி, பக்கங்களுக்கு வருகிறேன்.

எண்பதுகளின் தமிழ்ப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது, கலர் வந்தது 1982-ல். ஆனால் பத்திரிகையின் உள்பக்கத்தில் டிவி அதற்குப் பிறகும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். படத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அசையாமல், கொஞ்சம் சோகமாக இருப்பார்கள். நடிப்பு அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். நம் டிவி விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடுவது. கேமராவில் அதைவிட வேகமான ஷட்டர் வைத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். ஆகவே விநாடியில் 15-ல் ஒரு பங்கு, 8-ல் ஒரு பங்கு என்று மெதுவாகத்தான் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் நடிகர் கையை ஆட்டினால் கை கரைந்துபோகும். எனவே எல்லோரும் வாயை மூடிச் சும்மா நிற்கும் கணத்துக்காகப் போட்டோகிராபர் காத்திருப்பார். போதாததற்கு, திரையின் கோடுகளும் அச்சின் புள்ளிகளும் மோதிக்கொண்டு முகத்தில் பட்டுப்புடவை போல அலையலையாக ஒரு கோலம் விழும். அதை மறைக்கப் படத்தைச் சின்னதாக்குவார்கள். சின்னதானதும் பக்கம் காலியாகத் தெரியும். உடனே படத்தைச் சுற்றி மூலை வளைந்த டிவிப் பெட்டி வரைந்து, பக்கத்தில் இரண்டு குமிழ், மேலே ஆன்டெனா வைப்பார்கள். வீட்டு மாடிகளிலிருந்து ஆன்டெனா இறங்கி எத்தனையோ காலமாகிவிட்டது, பத்திரிகைப் பக்கத்தில் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

தொண்ணூறுகளின் கட்டுதான் எனக்குப் பிடித்தது. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது, சேனல்கள் பெருகின, சீரியல் நடிகைகளின் கலர் படங்கள் பக்கத்தை நிறைத்தன. அந்தப் பெட்டிகளின் திரை 4-க்கு 3 அளவு, அதாவது அகலம் 4 பங்கு என்றால் உயரம் 3 பங்கு. நம்மைப் போன்றவர்கள் ஸ்கேலை வைத்துப் பார்க்கலாம். ஏ4 இதழை விரித்தால் இரண்டு பக்கம் சேர்ந்து 420 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். 4-க்கு 3 படத்தை முழு அகலத்துக்கும் நீட்டினால் உயரம் 315 வரும். மேலும் கீழுமாக 18 மில்லிமீட்டர் வெட்டினால் போதும், படம் அச்சாக உட்காரும். முழுக் காட்சியும் பக்கமாகிவிடும், தலைப்பை நடிகையின் தோளுக்கு மேலே இருட்டுப் பகுதியில் வெள்ளையில் போட்டால் வேலை முடிந்தது. டிவியும் பத்திரிகையும் ஒரே தச்சன் செய்த மாதிரி பொருந்திய காலம் அது.

அகலத்திரை வந்ததும் அது போயிற்று. 16-க்கு 9 படத்தை அதே 420-க்கு நீட்டினால் உயரம் 236-தான். கீழே 61 மில்லிமீட்டர் துண்டு மிஞ்சும். தலைப்பு, எழுதியவர் பெயர், மேற்கோள், சேனல் லோகோ எல்லாவற்றையும் அதில் திணிப்பார்கள். உயரத்துக்கு நீட்டினாலோ அகலம் 528 ஆகி, பக்கவாட்டில் 108 மில்லிமீட்டர் வெட்டுப்படும். யாராவது ஒரு மாமனார் காணாமல் போவார். வெட்டும்போது திரையின் மூலையில் இருக்கும் சேனல் லோகோவும் பாதியாய்த் தொங்கும். இதற்குப் பயந்துதான் இன்றைய பக்கங்களில் நான்கைந்து ஸ்க்ரீன்ஷாட்டை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். இந்தக் கடையில் இரண்டு காலத்து இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது உறைக்கும்.

கடைசியாக வாங்கியதில் ஒரு தமிழ் மலர். மாமியார் இடப்பக்கம், மருமகள் வலப்பக்கம், இருவரும் ஒருவரை ஒருவர் முறைக்கிறார்கள், நடுவில் மடிப்பு. அருமையான யோசனை. பார்வை பக்கத்துக்குள்ளேயே போகிறது, வெளியே ஓடவில்லை. ஆனால் தலைப்பு ‘கோபமா அத்தை?’ என்று மடிப்பை ஒட்டித் தொடங்கி வலப்பக்கத்துக்கு ஓடுகிறது. ‘கோ’வின் இரட்டைக் கொம்பு இடப்பக்கம் தனியாக நிற்க, ‘க’ மடிப்புக்குள் போய் மறைந்துவிட்டது! ஆங்கிலம், பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு ஓர் எழுத்து என்றால் ஒரு வடிவம். நமக்கு ‘கோ’ என்று கட்டுரை தொடங்கினால் முதலெழுத்தைப் பெரிதாக்கும்போது மூன்று துண்டையும் சேர்த்துப் பெரிதாக்க வேண்டும், கட்டம் அகலமாகி முதல் மூன்று வரிகள் ஒல்லியாகிவிடும். கட்டுரையை ‘அ’வில் தொடங்கச் சொல்லி நிருபரிடம் கெஞ்சிய லேஅவுட் ஆட்கள் உண்டு.

அதே மலரில் இன்னொரு பாடம். 32 பக்க இதழ், நடுவில் பின் அடித்தது. எதிரெதிர்ப் பக்கங்களில் நடுப்பக்கமான 16-ம் 17-ம் மட்டுமே ஒரே தாளில் சேர்ந்து வரும். 10-ம் பக்கத்தின் தாள் ஜோடி 23, 11-ன் ஜோடி 22. ஆகவே 10-11-ல் ஒரு முகத்தைப் பரப்பிப் போட்டால் பாதி முகம் ஒரு தாளில், பாதி வேறு தாளில் அச்சாகி வரும். இதில் கதாநாயகியின் மூக்கு அரை மில்லிமீட்டர் இறங்கி, இடக் கன்னம் மஞ்சள், வலக் கன்னம் ரோஸ். பிரெஞ்சு இதழ்களில் இந்தத் தப்பு குறைவு. அவர்கள் ஒரு முகத்தை ஒரு பக்கத்திலேயே முழுதாக வைத்துவிட்டு எதிர்ப்பக்கத்தை எழுத்துக்குக் கொடுக்கிறார்கள். செய்தி வாசிப்பவர் ஒருவரின் பேட்டியில் இடப்பக்கம் முழுக்க அவர் முகம், வலப்பக்கம் மூன்று பத்தி எழுத்து, மேலே விரற்கடை வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்தால் எங்கள் முதலாளி “இங்க ஒரு விளம்பரம் போட்டிருக்கலாமே” என்பார்.

இனி குறைகள். நடுப்பக்கம் பெரும்பாலான இதழ்களில் இருக்காது. அதைத்தான் முதலில் உருவித் தனியாக விற்கிறார். கேட்டால், “அக்கா, அது போஸ்டர் ரேட்டு, புக்கு ரேட்டு வேற” என்கிறார். நியாயமே இல்லை. ஒழுங்காக அச்சான ஒரே இரட்டைப் பக்கம் அதுதான் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதையே எடுத்துவிட்டால் மிச்சத்தை வைத்து என்ன செய்வது? பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதால் ஓரம் நறுக்குப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் போகவே போகாதீர்கள். தார்ப்பாய்க்கு அடியில் ஈரம் ஏறி வழவழப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் எதிர்ப்பக்கத்தில் வந்துவிடும். பின் துருப்பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள், மடிப்பில் கறை போகாது.

ஆள் நல்லவர். எவ்வளவு நேரம் உட்கார்ந்து புரட்டினாலும் முகம் சுளிக்கமாட்டார், முக்காலி கூடக் கொடுப்பார். கட்டைப் பிரித்தால் மட்டும் திரும்பக் கட்டி வைக்கச் சொல்வார்.

வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், மாலைக் கூட்டத்தில் குனிந்து பார்க்க முடியாது. பையில் ஒரு ஸ்கேலும் கெட்டி அட்டை இரண்டும் இருக்கட்டும், பஸ்ஸில் வரும்போது மூலை மடங்காது. தமிழ் மலர் பத்து ரூபாய், அதில் பேரம் கிடையாது. பிரெஞ்சு இதழுக்கு ஐம்பது சொல்வார். நடுப்பக்கம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் இருபதுக்கு மேல் கொடுக்காதீர்கள்.