ஈகிளா, கூரியரா, வல்ச்சரா: எலைட் டேஞ்சரஸில் சுறுசுறுப்பான கப்பலும் அதற்கேற்ற த்ரஸ்டரும்

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கப்பல் கணினி விளையாட்டில் சண்டைக்குச் சின்னக் கப்பல் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது பூஸ்ட் வேகத்தை, அதாவது சிறிது நேரம் முடுக்கிவிட்டால் எட்டும் வேகத்தை. அது பாதிக் கணக்குதான். நேராக எவ்வளவு வேகம் போகும் என்பது ஒன்று, மூக்கை எவ்வளவு சீக்கிரம் எதிரி பக்கம் திருப்பும் என்பது வேறொன்று. தப்பி ஓட முதலாவது வேண்டும். எதிரியின் முதுகை விடாமல் பிடித்துச் சுட இரண்டாவது வேண்டும். கப்பலின் பெயரைவிட, அதன் மொத்த எடையும் த்ரஸ்டரும் (கப்பலை நகர்த்தித் திருப்பும் இயந்திரம்) எப்படிப் பொருந்துகின்றன என்பதே இரண்டையும் தீர்மானிக்கிறது.

மூக்கை மேலே தூக்கும் அடிப்படை வேகத்தில் ஈகிள்தான் முதலில் நிற்கிறது: நொடிக்கு 50 பாகை. அதாவது ஏழேகால் நொடிக்குள் ஒரு முழுவட்டம். வல்ச்சர் 42, இம்பீரியல் ஈகிள் 40, கூரியர் 38, வைப்பர் மார்க் 3 வெறும் 35. பூஸ்டில் வரிசை அப்படியே மாறுகிறது: வைப்பரும் இம்பீரியல் ஈகிளும் நொடிக்கு 400 மீட்டர், கூரியர் 380, ஈகிள் 350, வல்ச்சர் 340. வைப்பர் நேர்கோட்டில் துரத்தச் சிறந்தது, ஆனால் நெருங்கிச் சுழலும் சண்டையில் ஈகிளிடம் திணறும். 230 டன் உடம்போடு வல்ச்சர் 35 டன் கூரியரைவிட வேகமாகத் திரும்புவதை நம்பாதவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

விலையில் இந்தக் கப்பல்களில் எதுவும் ஈகிளை நெருங்க முடியாது. 44,800 கிரெடிட் (விளையாட்டுப் பணம்), மூன்று சிறிய ஹார்ட்பாயிண்ட் (ஆயுதம் பொருத்தும் இடம்). வைப்பர் சுமார் 1.43 லட்சம், அதில் இரண்டு நடுத்தரம், இரண்டு சிறியது. கூரியர் 25 லட்சத்துக்குச் சற்று மேல். மூன்று நடுத்தர ஆயுதங்களும் துணைக்கருவிகளுக்கான நான்கு யுட்டிலிட்டி இடங்களும் கிடைக்கும், ஆனால் விளையாட்டில் வரும் பேரரசான எம்பயரின் கடற்படையில் மாஸ்டர் பதவி வரை ஏறினால்தான் விற்பார்கள். வல்ச்சர் 49 லட்சம். பதவி எதுவும் தேவையில்லை, இரண்டு பெரிய ஹார்ட்பாயிண்ட். கொஞ்சமே பணம் இருக்கிற புதியவருக்கு என் பரிந்துரை ஈகிள்தான். உடைந்தாலும் திரும்ப வாங்கச் செலவாகாது என்பதால் பயமில்லாமல் கற்றுக்கொள்ளலாம்.

இனி த்ரஸ்டர். ஒவ்வொரு த்ரஸ்டருக்கும் மூன்று எடைக் குறிகள் உண்டு: குறைந்தபட்சம், உகந்தது, அதிகபட்சம். கப்பலின் மொத்த எடை உகந்த எடைக்குக் கீழே இறங்க இறங்க, வேகமும் திருப்பமும் கூடும். குறைந்தபட்சத்தைத் தாண்டி இறங்கினால் மேற்கொண்டு பலனில்லை. பெயரில் எண் அளவையும் எழுத்து ரகத்தையும் குறிக்கும். சாதாரண 3ஏ த்ரஸ்டரின் குறிகள் 60, 120, 180 டன். 3டி என்றால் 45, 90, 135. டி ரகம் 2 டன், ஏ ரகம் 5 டன். 3 டன் மிச்சமாகிறதே என்று சண்டைக் கப்பலில் டி போடுவது தவறு. அந்த மிச்சத்தைவிட 30 டன் குறைந்து போகும் உகந்த எடைதான் அதிகம் உறுத்தும்.

2, 3 ஆகிய அளவுகளில் மட்டும் என்ஹான்ஸ்டு பெர்ஃபார்மன்ஸ் த்ரஸ்டர் என்று ஒன்று உண்டு. ஈகிள், இம்பீரியல் ஈகிள், வைப்பர் மார்க் 3, கூரியர் நான்கிலும் 3ஏ பொருந்தும். குறிகள் 70, 90, 200 டன். விலை ஏறத்தாழ 51 லட்சம், சாதாரண 3ஏ விலையைப்போல் பத்து மடங்கு. ஈகிளின் விலையைப்போல் நூறு மடங்குக்கும் மேல்! அழிந்த கப்பலைத் திரும்பப் பெறும் மறுகொள்முதல் கட்டணம் விலையில் 5 சதவீதம் என்பதால், ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் இந்தப் பாகத்துக்கு மட்டும் இரண்டரை லட்சம் போகும். கிடைப்பது முக்கியமாக நேர்வேகம். திருப்பமும் கூடும், ஆனால் அதே அளவில் அல்ல. வெப்பமும் மின்சாரச் செலவும் சாதாரண 3ஏயைவிட அதிகம்.

இதைக் கூரியரில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடல் 35 டன். ஏ ரகத்தில் பவர் பிளாண்ட், த்ரஸ்டர், எஃப்எஸ்டி (நட்சத்திரங்களுக்கு இடையே தாவும் இயந்திரம்), டிஸ்ட்ரிபியூட்டர் (மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்), 3ஆம் அளவு ஷீல்டு எல்லாம் தலா 5 டன். மூன்று நடுத்தர ஆயுதங்கள் 12 டன், முழு எரிபொருள் 8 டன், டி ரக லைஃப் சப்போர்ட்டும் சென்சாரும் ஒன்றரை டன். கூட்டினால் ஏறத்தாழ 82. உகந்த 90க்குக் கீழே, நல்ல இடம். இப்போது ஏ ரக ஷீல்டு பூஸ்டர் நான்கு மாட்டினால், ஒன்றுக்கு 3.5 டன் வீதம் 14 டன் ஏறி 96 ஆகிவிடும். 51 லட்சம் கொட்டி வாங்கிய வேகத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைகிறது. இரண்டு பூஸ்டர், இரண்டு ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் கருவி) என்பது நடுவான வழி. ஈகிளிலும் இதே கதைதான்: மிலிட்டரி கவசம் இல்லாமல் 82 டன், போட்டால் 90. அதற்கு மேல் ஹல் ரீஇன்ஃபோர்ஸ்மெண்ட் (உடலை வலுப்படுத்தும் பாகம்) அடுக்கினால் ஈகிளை ஈகிளாக வைத்திருக்கும் காரணமே போய்விடும்.

வல்ச்சரின் சிக்கல் எடை அல்ல, மின்சாரம். 5ஏ த்ரஸ்டரின் குறைந்தபட்ச எடையே 420 டன். ஆயுதம், ஷீல்டு எல்லாம் மாட்டிய வல்ச்சர் 330 டன் அளவில்தான் நிற்கும். இன்னும் 80 டன் கவசம் ஏற்றினாலும் திருப்பம் துளியும் குறையாது. ஆனால் பவர் பிளாண்ட் 4ஆம் அளவுதான். 4ஏ தருவது 15.6 மெகாவாட், அதில் 5ஏ த்ரஸ்டர் மட்டும் 6.12 மெகாவாட் எடுத்துக்கொள்ளும். மீதியில் இரண்டு பெரிய ஆயுதமும் ஷீல்டும் ஓட வேண்டும். அதனால் வல்ச்சர் வாங்குகிறவர் பொறியாளரிடம் (பாகங்களை மேம்படுத்தித் தருபவர்) முதலில் கொண்டுபோக வேண்டியது த்ரஸ்டரை அல்ல, பவர் பிளாண்டை. ஓவர்சார்ஜ்டு என்ற மேம்பாட்டின் 5ஆம் நிலை 40 சதவீதம் கூட்டி ஏறத்தாழ 21.8 மெகாவாட் தரும், கூடவே வெப்பத்தையும். கையிருப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 5ஏ த்ரஸ்டரின் விலை வல்ச்சரின் விலையைவிடக் கொஞ்சம் அதிகம்.

த்ரஸ்டருக்கான பொறியியலில் போட்டி டர்ட்டி, கிளீன் என்ற இரு மேம்பாடுகளுக்கு இடையேதான். டர்ட்டி 5ஆம் நிலை செயல்திறனை 40 சதவீதம் உயர்த்தும். பதிலுக்கு வெப்பம் 60 சதவீதம் கூடும், உகந்த எடை 12.5 சதவீதம் குறையும், பாகத்தின் உறுதி 15 சதவீதம் குறையும். கிளீன் 28 சதவீதம்தான் தரும், ஆனால் குளிர்ச்சியாக ஓடும். என்ஹான்ஸ்டு 3ஏயில் டர்ட்டி போட்டால் உகந்த எடை 90லிருந்து 79 டன்னுக்கு இறங்கும். எடை குறைந்த கூரியரில் இதோடு டிராக் டிரைவ்ஸ் என்ற கூடுதல் விளைவைச் சேர்த்தால் பூஸ்ட் நொடிக்கு 800 மீட்டரைத் தாண்டும். எடை கூடிய கட்டமைப்புக்கு டிராக் டிரைவ்ஸைவிட உகந்த எடையை 10 சதவீதம் உயர்த்தும் டிரைவ் டிஸ்ட்ரிபியூட்டர்ஸ் ஏற்றது. சைலண்ட் ரன்னிங்கை (வெப்பத்தை உள்ளே அடக்கி எதிரியின் சென்சாரிலிருந்து மறையும் முறை) நம்பி ஓட்டுகிறவர்கள் கிளீன் பக்கம் போகலாம். மற்ற எல்லோருக்கும் டர்ட்டிதான். தொடங்க டேசியாட் நட்சத்திர மண்டலத்தில் இருக்கும் பொறியாளர் ஃபெலிசிட்டி ஃபார்சியர் போதும். மெட்டா-அல்லாய் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால் 3ஆம் நிலை வரை செய்து தருவார்.

இவ்வளவு செலவழித்த பிறகும் கப்பல் மந்தமாகத் திரும்பினால் த்ராட்டிலைப் பாருங்கள். வேகமானியில் நீல நிறமாகத் தெரியும் நடுப்பகுதியில்தான் திருப்பம் உச்சத்தில் இருக்கும். முழு த்ராட்டிலில் வைத்துக்கொண்டு கப்பலைக் குறை சொல்வதில் பயனில்லை. திரும்பும் நேரத்தில் இன்ஜினுக்கு நான்கு பிப் (மின்சாரத்தைப் பங்கிடும் புள்ளி), சுடும் நேரத்தில் ஆயுதத்துக்கு என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈகிளின் 2ஆம் அளவு டிஸ்ட்ரிபியூட்டரில் இது இன்னும் முக்கியம், அடுத்தடுத்து பூஸ்ட் அடித்தால் சீக்கிரம் வறண்டுவிடும்.

ஹார்ட்பாயிண்டை விரித்ததும் கப்பல் கட்டுப்பாடு இழந்து மிதந்தால், மின்சாரம் போதாமல் த்ரஸ்டரும் அணைந்திருக்கிறது. வலப்பக்கப் பேனலின் மாட்யூல் பட்டியலில் த்ரஸ்டருக்கு முன்னுரிமை 1 கொடுத்து, கார்கோ ஹேட்ச், எஃப்எஸ்டி இரண்டையும் 4க்கோ 5க்கோ தள்ளுங்கள். ஆயுதங்களை மடக்கியதும் எஃப்எஸ்டி தானாக உயிர்பெறும்.