எண்ணிப் பார்ப்பதா, கேட்டுப் பார்ப்பதா? பெண்களின் உழைப்பை வைத்து ஓர் ஒப்பீடு

சமூகவியல், சமூகப்பணி, பொருளாதாரம் என்று எதில் ஆராய்ச்சி செய்தாலும் தலைப்பு முடிவானதும் அடுத்து வரும் கேள்வி இதுதான்: எண்களால் அளக்கும் அளவுசார் ஆய்வா, மக்களிடம் பேசிப் புரிந்துகொள்ளும் பண்புசார் ஆய்வா? நடைமுறையில் இதற்கு எப்படி விடை கிடைக்கிறது என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கணக்கு வராது என்பவர்கள் பேட்டி பக்கம் போகிறார்கள். ஊர் ஊராக அலைய முடியாதவர்கள் கேள்விப்பட்டியல் அடித்துக் கூகுள் ஃபார்மில் போட்டுவிடுகிறார்கள். மிச்சப் பேருக்கு கைடு எந்த முறையில் முனைவர் பட்டம் வாங்கினாரோ அதுவே முறை. நாம் என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள் குறைவு, ஆனால் தேர்ந்தெடுக்க அதைத் தவிர வேறு நல்ல காரணம் கிடையாது.

பொதுவாகப் பேசினால் இரண்டுமே நல்லது என்று சொல்லி முடித்துவிடலாம், அதனால் யாருக்கும் பயனில்லை. ஒரே ஒரு விஷயத்தை எடுத்து இரண்டு முறைகளையும் அதன் மேல் வைத்துப் பார்க்கலாம். இந்தியாவில் பெண்கள் வேலை செய்கிறார்களா, அது கூடுகிறதா குறைகிறதா? இதை எடுத்துக்கொள்வோம்.

முதலில் எண்கள். 2017-லிருந்து மத்தியப் புள்ளியியல் துறை நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் உழைப்பாளர் வரிசையில் (வேலை செய்பவர்கள் அல்லது வேலை தேடுபவர்கள்) இருப்பவர்கள் 2017-18-இல் 23.3 சதவீதம். 2023-24-இல் அது 41.7 சதவீதம். ஆறே ஆண்டுகளில் இவ்வளவு பெரிய ஏற்றம். இதை எந்தப் பேட்டியாலும் சொல்ல முடியாது. நூறு கிராமங்களில் நூறு ஆய்வாளர்கள் ஒரு வருடம் தங்கி எழுதினாலும், நாடு முழுவதற்கும் இந்த அளவு, இந்த மாநிலத்தில் இவ்வளவு, நகரத்தில் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் பலம் அவர்களுடைய குறிப்புகளுக்கு வராது. அந்தப் பலம் வருவது மாதிரி எடுக்கும் முறையால், அதாவது எல்லோரையும் கேட்காமல் அவர்களுக்காகச் சிலரைத் தேர்ந்தெடுக்கும் முறையால். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வங்காளத்துச் சணல் சாகுபடியைக் கணக்கிட்ட காலத்திலேயே, ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பி, இரண்டு பேர் கொண்டுவரும் விடையும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, தன் எண்ணைத் தானே சோதிக்கும் ஏற்பாட்டைச் செய்து வைத்தார். எண்ணில் பிழை இருக்கும், ஆனால் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியும். அளவுசார் முறையின் உண்மையான பெருமை இதில்தான் இருக்கிறது என்பேன்.

சரி, அந்த 41.7 சதவீதத்துக்குள்ளே போய்ப் பார்ப்போம். கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் போடுவார்கள். 92 என்றால் வீட்டு வேலை மட்டும் செய்பவர். 93 என்றால் வீட்டு வேலையோடு விறகு, கீரை, மாட்டுத் தீவனம் என்று காசில்லாமல் சேகரிப்பவர், அல்லது வீட்டுத் தேவைக்குத் தைப்பவர், நெய்பவர். 21 என்றால் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுபவர். இதில் 21 உழைப்பாளர் வரிசைக்குள்ளே, 92-ம் 93-ம் வெளியே.

இப்போது ஒரு வீட்டுக்குப் போங்கள். காலையில் சாணி அள்ளி, வரப்பில் புல் அறுத்து வந்து போட்டு, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருகிற பெண். மாடு வீட்டுக்காரர் பெயரில், பால் பாஸ்புத்தகமும் அவர் பெயரில். கணக்கெடுக்க வந்தவர் அவசரத்தில் இருந்தால் உரையாடல் இப்படித்தான் நடக்கும்.

"வேலைக்குப் போறீங்களாம்மா?"

"இல்லீங்க, வீட்லதான் இருக்கேன்."

குறியீடு 92. முடிந்தது. இன்னொருவர் வந்து "மாடு இருக்கே, யாரு பாக்குறது? புல்லு யாரு அறுக்குறது?" என்று கேட்டால் 93. மூன்றாமவர் "பால் விக்கிறீங்களா, எத்தன லிட்டரு, யாரு கறக்குறது?" என்று இன்னும் ஒரு படி போனால் 21. அந்தப் பெண்ணின் நாள் மாறவே இல்லை, நாட்டின் பெண் உழைப்பாளர் எண்ணிக்கையில் ஒன்று கூடிவிட்டது. இது கற்பனையான கவலை இல்லை. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வயலிலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமில்லாமல் செய்வதும் வேலைதான் என்று கேள்விக்குள்ளேயே சேர்த்து எழுத வேண்டியிருந்தது, அதுவும் பெண்ணிய ஆய்வாளர்களும் அமைப்புகளும் விடாமல் கேட்ட பிறகு. களத்தில் பெண்களோடு உட்கார்ந்து பேசியவர்கள் இல்லாமல் அந்த வரி கேள்வித்தாளுக்குள் வந்திருக்காது. ஆக, அளவுசார் ஆய்வின் தரம் கணினியில் ஓட்டுகிற சோதனைகளில் தீர்மானமாவதை விட, கேள்வியை யார் எப்படி எழுதினார்கள், வாசலில் நின்று எப்படிக் கேட்டார்கள் என்பதில் அதிகம் தீர்மானமாகிறது.

அந்த ஏற்றத்தையே மறுபடி பாருங்கள். வேலையில் இருக்கும் பெண்களில் சுயதொழில் பிரிவில் வருபவர்கள் 2017-18-இல் 51.9 சதவீதம், 2023-24-இல் 67.4 சதவீதம். இந்தப் பிரிவில் சொந்தத் தொழில் செய்பவர்களோடு மேலே சொன்ன 21-ம் சேர்த்தி. பெண்கள் முன்னேறி வெளியே வந்துவிட்டார்கள் என்று இதைப் படிப்பதா, வேறு வேலை கிடைக்காமல் குடும்ப வயலிலும் கடையிலும் முடங்கினார்கள் என்று படிப்பதா, இல்லை முன்பு எண்ணாமல் விட்டவர்களை இப்போது எண்ணுகிறார்கள் என்று படிப்பதா? நல்ல அளவுசார் ஆய்வாளர் இங்கே கைவிரிக்க மாட்டார். அதே தரவில் வருமானம் இருக்கிறது, வேலை செய்த மணிநேரம் இருக்கிறது, சாதிப் பிரிவு, கல்வி எல்லாம் இருக்கிறது, பிரித்துப் பிரித்துப் பார்த்துப் பல விளக்கங்களைத் தள்ளிவிட முடியும். ஆனால் அந்தப் பெண்ணுக்கே இது ஏற்றமாகத் தெரிகிறதா இறக்கமாகத் தெரிகிறதா என்பது அந்தத் தாளில் எங்கேயும் எழுதப்படவில்லை.

இந்த இடத்தில் மறுபக்கம் போவோம், நமக்குப் பக்கத்திலேயே ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர் ஜூடித் ஹேயர், 1981-82-இல் கோவை - திருப்பூர் வட்டாரக் கிராமங்களில் ஆய்வு செய்தார். 1996-இல் அதே ஊர்களுக்குத் திரும்பி வந்தார், 2008-09-இல் மறுபடியும் வந்தார். இடையில் திருப்பூர் பனியன் தொழில் வளர்ந்தது, சுற்றுப்புறத்து ஆண்களுக்கு வேறு வேலைகள் வந்தன, கூலி ஏறியது. பழைய காலத்தில் பண்ணையாட்களாகவும் தினக்கூலிகளாகவும் இருந்த தலித் குடும்பங்களில் பல பெண்கள் வயல் கூலியை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கினார்கள். எண்களில் இது பெண்களின் வேலைப் பங்கேற்பு விழுந்ததாகத்தான் பதிவாகும், கட்டுரை எழுதுகிறவர் அதைப் பின்னடைவு என்றும் எழுதுவார். ஹேயர் அந்தப் பெண்களிடம் கேட்டு எழுதியது வேறு. வெயிலில் குனிந்து செய்யும் கடும் கூலி வேலையிலிருந்து கிடைத்த விடுதலையாக, பிள்ளைகளின் படிப்பையும் வீட்டையும் கவனிக்கக் கிடைத்த வாய்ப்பாக அவர்களில் பலர் அதைப் பார்த்தார்கள். இதை நாம் அப்படியே கொண்டாட வேண்டுமா, வீட்டுக்குள் முடங்குவதால் வரும் இழப்பு என்ன என்று வாதாடலாம், வாதாட வேண்டும். ஆனால் அந்த வாதத்துக்கே இடம் கொடுத்தது அவர்களிடம் கேட்டு எழுதிய ஆய்வுதான்.

ஆகவே எண் ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது என்ற நினைப்பே தப்பாகப் போகலாம் என்று இங்கே தெரிகிறது. அதே சமயம் ஹேயரின் கிராமங்களை வைத்து நாகப்பட்டினத்துப் பெண்களைப் பற்றியோ பீகாரைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பனியன் தொழில் பக்கத்தில் இல்லாத ஊரில் ஆண்களின் கூலி அப்படி ஏறியிருக்காது, வீட்டோடு இருப்பது அங்கே வேறு பொருள் தரும். பண்புசார் ஆய்வு எழுதும் பலர் சறுக்குவது இங்கேதான்: பதினைந்து பேரைச் சந்தித்துவிட்டு "தமிழகப் பெண்கள் கருதுகிறார்கள்" என்று எழுதுவார்கள். பதினைந்து பேர் கருதியதை அந்தப் பதினைந்து பேரின் சூழலோடு எழுதினாலே அது பெரிய விஷயம்.

மாதிரி அளவு பற்றி வரும் சண்டையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நம் ஊர் ஆய்வேடுகளில் 384 என்ற எண் எங்கு பார்த்தாலும் இருக்கும். 95 சதவீத நம்பக அளவு, 5 சதவீதப் பிழை வரம்பு, பெரிய மக்கள்தொகை என்று வைத்துக் கணக்குப் போட்டால் வரும் எண் அது, கிரெய்சி, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1970-இல் போட்ட அட்டவணை வழியாகப் பரவியது. அந்தக் கணக்கு செல்லுபடியாக வேண்டுமென்றால் மாதிரி சீரற்ற முறையில், அதாவது குலுக்கல் போல, எடுக்கப்பட்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் லிங்க் அனுப்பி, தோழியிடம் சொல்லி, அவர் தன் அலுவலகத்தில் சொல்லி வந்த 384 பேருக்கு அந்த 5 சதவீதப் பிழை வரம்பு பொருந்தவே பொருந்தாது. அட்டவணையை மேற்கோள் காட்டினாலும் பொருந்தாது. அந்தப் பக்கம், பேட்டிக்கு எத்தனை பேர் என்றால் பலரும் 12 என்பார்கள். 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களைப் பேட்டி கண்டு, முதல் 12 பேட்டிகளுக்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்று கண்டார்கள். அது ஒரே மாதிரியான பெண்கள், ஒரே மாதிரியான கேள்விகள் உள்ள இடத்துக்குச் சரி. பனியன் கம்பெனித் தொழிலாளி, கல்லூரிப் பேராசிரியர், நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டி மூன்று பேரையும் கலந்து 12 எடுத்தால் ஒவ்வொரு தரப்புக்கும் நான்கு பேர்தான் தேறுவார்கள்.

உழைப்பு எதில் அதிகம் என்று கேட்டால், அது வரும் நேரம்தான் வேறு. கேள்வித்தாள் ஆய்வில் பெரும் உழைப்பு முன்னாடியே போய்விடும். கேள்வி எழுதி, இருபது முப்பது பேரிடம் சோதித்து, புரியாத கேள்வியை மாற்றி, மறுபடி சோதித்து முடித்துவிட்டால், தரவு வந்த பிறகு அட்டவணை போடுவது சீக்கிரம் நடக்கும். பேட்டியில் தலைகீழ். தொடங்குவது எளிது, ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஒரு நாளின் பெரும்பகுதி போகும், அப்புறம் நூற்றுக்கணக்கான பக்கங்களை வரி வரியாகப் படித்து, எந்தக் கருத்து எங்கே வருகிறது என்று குறியீடு போட வேண்டும். கணக்கு வராது என்று இந்தப் பக்கம் வந்தவர்கள் ஆய்வேடு கொடுக்கும் தேதி நெருங்கும்போதுதான் இதை உணர்கிறார்கள்.

பக்கச்சார்பு பண்புசார் ஆய்வில்தான் உண்டு என்று ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வான வைவாவில் கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது "வருமானம் யார் கையில் இருக்கும்?" என்று கேட்டால், ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னாலும் பொய்தான் வரும், பேட்டி கண்டாலும் பொய்தான் வரும். வித்தியாசம் என்னவென்றால், பேட்டியாளர் அந்தத் தயக்கத்தைக் கண்ணால் பார்ப்பார், இன்னொரு நாள் மாட்டுக்கொட்டகையில் தனியாகச் சந்தித்து மறுபடி கேட்பார். கேள்வித்தாளில் அது 4 என்று பதிவாகி, மற்ற 4-களோடு கலந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு கருவியும் இருக்கிறது, நம் மாணவர்கள் அதை அதிகம் எடுப்பதில்லை. நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்காமல், நேற்று அதிகாலை 4 மணியிலிருந்து இன்று 4 மணி வரை அரைமணி அரைமணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்பது. 2019-இல் நாடு முழுவதும் எடுத்தபோது, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். நாளை விவரிக்கச் சொல்வது பேட்டியின் குணம், நிமிடமாக்கிக் கூட்டுவது எண்ணின் குணம். "வீட்லதான் இருக்கேன்" என்று சொன்ன அதே பெண்ணின் புல்லும் பாலும் இங்கே தானாக வந்து பதிவாகிவிடும். சோறு வெந்துகொண்டிருக்கும்போது பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது மாதிரி ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு வேலைகளைப் பதிவது மட்டும் இதிலும் கொஞ்சம் தகராறுதான்.

என் தேர்வை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமும் கையில் கொஞ்சம் பணமும் மட்டுமே உள்ள முதுகலை மாணவர் என்றால், இருபது பேரிடம் இரண்டிரண்டு முறை போய் ஒழுங்காகப் பேசி எழுதுவது, லிங்க் அனுப்பிச் சேர்த்த 384-ஐ விட எல்லா வகையிலும் மேல். எண் வேண்டுமென்றால் அரசுக் கணக்கெடுப்பின் தனிநபர் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, நம்மால் ஒருநாளும் எடுக்க முடியாத மாதிரி அது, அதை இறக்கிப் பயன்படுத்தலாம். பிஎச்.டி. அளவுக்கு நேரம் இருந்தால் முதலில் பேச்சு, பிறகு எண், கடைசியில் மறுபடி கொஞ்சம் பேச்சு. உதாரணமாக, செப்டம்பர் 2023-இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை ஆராய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்த பிறகு குடும்பச் செலவில் என்ன மாறியது என்பது எண்ணின் வேலை. ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது, எடுக்கும்போது யாரைக் கேட்க வேண்டியிருக்கிறது, அந்த ஆயிரத்தை அவர் தன் உழைப்புக்கான தொகை என்று நினைக்கிறாரா அரசு உதவி என்று நினைக்கிறாரா என்பதைப் பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பேசிய பிறகுதான் இதற்கெல்லாம் பொருத்தமான கேள்விகளையும் எழுத முடியும்.

இரண்டும் செய்து இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பலர் செய்வது, ஒத்துவராத பேட்டிகளை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கேள்வித்தாளில் "பணத்தை நானே செலவழிக்கிறேன்" என்று டிக் செய்த பெண், பேட்டியில் கார்டு மகனிடம் இருக்கிறது என்று சொன்னால், இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு அதே வீட்டுக்கு இன்னொரு முறை போங்கள். மகனிடம் கொடுத்து எடுத்து வரச் சொல்லி, வந்த பணத்தைத் தானே செலவு செய்கிறாரா, இல்லை டிக் அடித்த அன்று பக்கத்தில் மகன் நின்றானா என்று கேளுங்கள். எந்த விடை வந்தாலும் அதற்கு ஆய்வேட்டில் ஒரு தனி அத்தியாயமே எழுதலாம்.